மாம்பலத்தில் ஒரு நிமிஷம்

"இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். நிற்க. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டியில் கொழும்புக்குப் புறப்படுகிறோம். மாம்பலத்தில் ஒரு நிமிஷம் ஹால்ட் உண்டாம். அம்மாவுக்கு நமஸ்காரம்."

தபால் கார்டில் இருப்பது இவ்வளவுதான். எழுதியவள் என் அக்கா ருக்மிணி. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த தன் புக்ககத்திலிருந்து மயிலாப்பூரில் இருந்த எங்களுக்கு எழுதினாள். இரண்டு வீட்டுக்கும் இடையே நாலு மைல் இருக்கலாம். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாலு மைலை அவளும் கடந்து வரவில்லை, நாங்களும் கடந்து போகவில்லை.

தபால் முத்திரையில் மாதம் தெரிகிறது. வருஷம் மசியாகிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில், அப்போது புதிதாக விட்டிருந்த மின்சார வண்டி ஒன்று எங்களுக்கு எதிரே வந்து போனது நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே முப்பதுகளின் முதல் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் எழும்பூருக்குப் போகவில்லை

வெளியூருக்குப் போகிற பெண்ணை வழியனுப்ப எழும்பூருக்கே போயிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள். போக முடியாது. அங்கே சம்பந்தி வீட்டார் இருபது பேர் வந்து நிற்பார்கள்.

அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது சம்பந்தியின் தமையனாரை முன் வரிசையில் உட்கார வைத்து சந்தனம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா சமையல்கட்டில் ஏதோ தகராறு என்று உள்ளே போனவர், திரும்பி வருவதற்குள் சந்தனக் கிண்ணம், அந்தப் பேலா, தமையனாரைத் தாண்டிப் போய்விட்டது. அந்த மனிதர் எழுந்து, "எங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "பேலா திரும்பி வராமலா போயிடும்?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு சந்தனப் பேலா செய்த வேலை அது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தலை தீபாவளி நடக்கவில்லை. "அந்தாத்து மனுஷா மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்" என்பது அப்பாவின் வாக்கியம். அதை அவர் மாதம் ஒருமுறையாவது சொல்லிக்கொள்வார், மறந்துவிடக்கூடாது என்பதுபோல.

அக்காவிடமிருந்து கார்டு மட்டும் வரும். எல்லாக் கார்டிலும் க்ஷேமம்தான். மாமியார், நாத்தனார், தபால்காரர் எல்லோரும் படிக்கிற கார்டில் வேறு என்ன எழுத முடியும்? அம்மா ஒவ்வொரு கார்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். எழுத்து கோணலாக இருக்கிறதா, மசி எங்கேயாவது கரைந்திருக்கிறதா என்று தேடுவாள். அக்காவின் எழுத்து எப்போதும் அச்சடித்ததுபோல இருக்கும். அதுவே அம்மாவுக்குக் கவலை.

இந்தக் கார்டை அப்பாதான் முதலில் படித்தார். சுவரில் இருந்த தபால் கம்பியில் குத்திவிட்டு ஆபீசுக்குப் புறப்பட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா அதைக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

"அம்பி, ஹால்ட்னா எத்தனை நாழி நிக்கும்?"

"அதான் எழுதியிருக்காளே. ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்னா எத்தனை நாழிடா?"

அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம்

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஹால்ட் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல ஆசையாக இருக்கிறது. நான் சேகரித்து வைத்திருக்கும் சொற்களில் அதுவும் ஒன்று.

முதலில் அதைக் கேட்டது பள்ளிக்கூட டிரில் மைதானத்தில். எங்கள் டிரில் மாஸ்டர் பழைய பட்டாளத்துக்காரர். அடிவயிற்றிலிருந்து "ஹா..." என்று இழுத்து, கடைசியில் "ல்ட்" என்று வெட்டுவார். முன்னால் போகிறவன் நிற்பான். பின்னால் வருகிறவன் அவன் குடுமியில் மோதுவான்.

அடுத்தது சித்தப்பாவின் டைரி. ரெவின்யூ இலாகாவில் கேம்ப் குமாஸ்தாவாக இருந்தவர். துரை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்று தினமும் எழுதுவார். போகாத நாளில் ஊர்ப் பெயரை எழுதிப் பக்கத்தில் ஹால்ட் என்று போடுவார். புறப்படும் முன்பே வீட்டுக்கு வந்துவிடும் கேம்ப் புரோகிராமில் அந்த நாட்களைப் பார்த்துத்தான் சித்தி மோர்மிளகாயும் மாற்று வேஷ்டியும் பார்சல் அனுப்புவாள். ஓடுகிற கேம்ப்பை எந்தப் பார்சலும் பிடிக்காது. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாத சித்திக்கு அந்த ஒரு சொல்லின் உருவம் மட்டும் தெரியும்.

அடையாறு பஸ்ஸிலும் அது உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் என்ஜின் கொதித்ததும் கண்டக்டர் இறங்கி, "ஹால்ட், ஹால்ட், தண்ணி ஊத்தணும்" என்பார். எல்லோரும் இறங்கி ஆறு கடலில் சேர்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உப்புக் காற்று சட்டைக்குள் புகுந்து ஆடும். அந்த நேரத்துக்காகவே நான் சில நாள் அடையாறு போயிருக்கிறேன். அங்கே எனக்கு வேறு வேலை இல்லை.

பங்குனி உற்சவத்தில் எங்கள் தெரு மாமி ஒருத்தி கேட்டது இது: "இந்த வருஷம் ஸ்வாமிக்கு நம்ம வாசல்ல ஹால்ட் உண்டோ?" ஸ்வாமி நகரும்போது நாயனக்காரர் சுருக்கமாக ஏதாவது வாசிப்பார். நிற்கும் இடத்தில்தான் ராகத்தை விரிப்பார். எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேசுவார்கள்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதி ஒன்று தங்கல், தரிப்பு, நிற்றல் என்று மூன்று தமிழ்ச் சொற்களைக் கொடுக்கிறது. பழைய இங்கிலீஷில் கால் ஊனமானவரையும் அதே சொல்லால் குறிப்பார்கள் என்று கீழே ஒரு வரி இருக்கிறது. கடிதத்தில் "நிற்க" என்று நாம் எழுதுவதைச் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம். க்ஷேமம் முடிந்து விஷயம் தொடங்குவதற்கு முன் எழுதுகிறவர் பேனாவைத் தூக்குகிற இடம் அது.

போதும். அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசிப் பெட்டி

வீட்டில் ரயில் அட்டவணை என்றால் நான்தான். புதிய அட்டவணை வந்ததும் வாங்கி, நேரம் மாறிய இடங்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைப்பேன். மாமாவின் பாக்கெட் கடிகாரம் ஒன்று எனக்கு வந்திருந்தது. நாளுக்கு இரண்டு நிமிஷம் பின்தங்கும். அதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அக்கா தனியாகப் பெண்கள் பெட்டியில் வருவாள், அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், ஆண்கள் பெட்டியில் இருப்பார் என்பது நிச்சயம். பெண்கள் பெட்டி வண்டியில் எங்கே இருக்கும்? தெரியாமல் நின்றால் தேடுவதிலேயே ஒரு நிமிஷம் போய்விடும்.

ஆகவே மூன்று நாள் காலையில் சைக்கிளில் மாம்பலம் போனேன். மாலையில் தெற்கே போகிற வண்டிதான் காலையில் தெற்கிலிருந்து வரும். அதே பெட்டிகள். மூன்று நாளும் முக்காடிட்ட பெண்ணின் படம் வரைந்த பெட்டி கடைசியில்தான் இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: "பெண்கள் பெட்டி – கடைசி."

அம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. "நீ இருக்கியோ, நான் பொழைச்சேன்" என்றாள்.

ஜட்காவில்

வெள்ளிக்கிழமை அப்பா ஆபீசுக்குப் போனபின் அம்மா தேங்குழல் பிழிந்தாள். தயிர்சாதத்தில் மாங்காய் போட்டுப் பிசைந்து, எலுமிச்சை இலை கிள்ளிப் போட்டாள். பித்தளைத் தூக்கு நிறைந்தது. மதியம் தாண்டியதும் தெருமுனையில் ஒரு ஜட்கா பிடித்தேன்.

வண்டிக்காரர் எங்களுக்குப் பழக்கமான சாயபு. லஸ் தாண்டி, தேனாம்பேட்டை தாண்டி, வற்றிப்போன பெரிய ஏரியின் ஓரமாகப் போனோம். பாதி இடத்தில் மண் கொட்டி மனை பிரித்திருந்தார்கள். மீதியில் சேறு வெடித்துக் கிடந்தது. நத்தை ஓடும் காய்ந்த பாசியும் கலந்த வாடை. எல்லைக் கல் நட்ட புதுத் தெருக்களில் வீடுகளைவிட வேலிகள்தான் அதிகம்.

அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்கணும். மாமியார் பேசறாளா, வயத்துக்குப் போடறாளா, அவர் எப்படி..."

"அம்மா, ஒரு நிமிஷம்தான்."

"அதுக்குள்ள எவ்வளவு கேக்கலாம்? உன் கடியாரத்த எடு."

எடுத்தேன். அம்மா வேகமாகக் கேட்டுப் பார்த்தாள். நான் அக்காவாக இருந்து பதில் சொன்னேன். நாலாவது கேள்வியில் நிமிஷம் முடிந்தது.

சாயபு திரும்பிப் பார்த்தார். "இன்னாமா இது, பரிச்சைக்கிப் போற மாரி கீது? ஒரு நிமிசத்துல இன்னா பேசுவே? என் குருதையே தண்ணி குடிக்க அஞ்சு நிமிசம் ஆவுது."

"ரயில் உன் குதிரை மாதிரி இல்லப்பா" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன் நைனா. என் குருத நில்லுன்னா நிக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி போதும் என்றாள். "நீ நன்னா இருக்கியாடி, நிஜத்தச் சொல்லு. அவ்வளவுதான்."

"நன்னா இல்லேன்னு சொன்னா?"

"எறங்குடின்னு சொல்லுவேன்."

கொழும்புக்குப் போகிற பெண்ணை ஓடுகிற ரயிலிலிருந்து இறக்கிக்கொண்டு வருவதா? ஊர் என்ன சொல்லும்? அப்பா என்ன சொல்வார்? அம்மா அதற்குள் சாயபுவிடம் குனிந்து கேட்டாள்.

"திரும்பி வரச்சே மூணு பேர் ஏறினா குதிரை இழுக்குமா?"

"யாரு, பொண்ணா? ஏத்திக்கினு வாம்மா. நான் எறங்கி நடந்துக்கினே வர்றேன்."

பிளாட்பாரத்தில்

அம்மாவைக் கோடம்பாக்கம் பக்கத்துக் கோடியில் நிறுத்தினேன். கடைசிப் பெட்டி அங்கேதான் வந்து நிற்கும். வெயில் சாய்ந்திருந்தது. தண்டவாளத்துக் கருங்கல்லிலிருந்து சூடு எழும்பியது. மின்சார வண்டி ஒன்று வந்து ஆட்களை உதிர்த்துவிட்டுப் போயிற்று. அம்மா தூக்கை இடது கையிலிருந்து வலது கைக்கும், வலதிலிருந்து இடதுக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. என்ஜின் எங்களைத் தாண்டியது. அதற்கு அடுத்த பெட்டியும் எங்களைத் தாண்டியது. அதன் பக்கத்தில் முக்காடிட்ட பெண்ணின் படம் இருந்தது.

எழும்பூர் வெளியூர் வண்டிகளின் ஓட்டம் முடிகிற ஸ்டேஷன். காலையில் வந்த வண்டியில் என்ஜினைக் கழற்றி மறு கோடியில் பூட்டுவார்கள். காலையில் கடைசியாக இருந்தது மாலையில் முதலாகிவிடும். சின்னக் குழந்தைக்கும் புரிகிற விஷயம். நான் மூன்று நாள் சைக்கிளில் போய்க் கடைசி என்று எழுதினேனே தவிர, எந்தத் திசைக் கடைசி என்று யோசிக்கவில்லை.

எங்களுக்கு எதிரே வந்து நின்றது, வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டுகிற ரயில் கார்டின் பெட்டி. கார்டு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், சிவந்த முகம். வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே வெளியே தலையை நீட்டினார்.

"மைலாப்பூர் அம்மா? ஃப்ரண்ட்ல போ! என்ஜின் பக்கம்! ஓடாதே மா, டைம் இருக்கு!"

அம்மா அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. நான் அவரை நம்பவில்லை. அட்டவணையில் ஒரு நிமிஷம் என்று இருந்தது. "ஓடு அம்மா, ஓடு" என்று கத்தினேன். தூக்கைப் பிடுங்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

மடிசார்ப் புடவையோடு அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. ஜன்னல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பெட்டிக்குள் அத்திம்பேர் மடியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தாரா என்று தெரியாது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. பாதி தூரத்தில் அம்மா ஒருமுறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஓடினாள்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முழுவதும் வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஓடி வந்த தூரம் முழுவதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

அம்மா ஜன்னலைப் பிடித்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை.

"நான் நன்னா இருக்கேம்மா" என்றாள் அக்கா. "ஒரு கொறையும் இல்ல. நன்னா இருக்கேன்."

அம்மா தலையை ஆட்டினாள். அக்காவின் விரல்களைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் தூக்கை உள்ளே கொடுத்தேன். அது ஜன்னல் கம்பியில் நுழையவில்லை. கதவைச் சுற்றிப் போய்க் கொடுத்தேன். அதற்கும் நேரம் இருந்தது. வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"தேங்குழல் நமுத்துப் போறதுக்குள்ள தின்னுடு" என்றாள் அம்மா. அவள் பேசியது அது ஒன்றுதான்.

விசில் ஊதியது. என் கடிகாரப்படி வண்டி நின்றது மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். நாளுக்கு இரண்டு நிமிஷம் பின்தங்கும் கடிகாரம் அந்த மூன்று நிமிஷத்தில் பெரிதாகத் தப்பு செய்திருக்க முடியாது.

திரும்பும்போது ஏரி ஓரம் வரை அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் இன்னும் கேக்கவே இல்லையேடா. எப்படிடா சொன்னா?"

அக்கா சொன்னது

அம்மா அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் காலமானாள். அக்காவை மறுபடி பார்க்கவில்லை. யுத்த காலத்தில்தான் அக்கா இரண்டு குழந்தைகளோடு ஊர் திரும்பினாள். தியாகராய நகரில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். முன்பு அந்த ஏரி இருந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு.

ஒருநாள் அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு மாம்பலத்துல சொன்னியே, அது நிஜமா?"

"எது, நன்னா இருக்கேன்னா? எங்கடா! மொதல் ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு நாய் படாது. அப்புறம் இவர் சரியாயிட்டார். நானும் சரியாயிட்டேன்."

"அம்மா உன்ன எறக்கிண்டு வரத்தான் வந்தா. தெரியுமா?"

வெற்றிலையைக் கீழே வைத்தாள். தெரியாது.

"சொல்லணும்னுதாண்டா இருந்தேன்" என்றாள் கடைசியில். "எழும்பூர்லேருந்து அதையே மனசுக்குள்ள சொல்லிண்டு வந்தேன். அம்மா ஜன்னல்கிட்ட நின்னிருந்தா சொல்லியிருப்பேன். அந்தக் கோடியிலேருந்து தலைமயிர் அவுந்து ஓடி வராளே, அவகிட்ட என்னன்னு சொல்றது? செத்துப் போயிடுவாளோன்னு பயந்துட்டேன்."

பெட்டி எந்தக் கோடியில் வரும் என்று தப்பாகச் சொன்னது நான்தான் என்று அவளிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். அக்கா இப்போது இல்லை.

"கார்டுகிட்ட வண்டிய நிறுத்தி வைக்கச் சொன்னது நீதானே?" என்று மட்டும் கேட்டேன். மயிலாப்பூர் அம்மா என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நானா? சட்டைக்காரன்கிட்ட நான் எப்படிடா போய்ப் பேசுவேன்? எழும்பூர்ல மாமியார் பக்கத்துலயே நின்னுண்டிருந்தா. நீதான் ஏற்பாடு பண்ணியிருப்பேன்னு இத்தனை நாளா நெனச்சிண்டிருக்கேன்."

உறுதியாகாதது

நான் ஏற்பாடு செய்யவில்லை. அம்மாவும் இல்லை. அத்திம்பேருக்கு நாங்கள் வருவதே தெரியாது.

அப்பாவின் ஆபீஸ் கடற்கரைப் பக்கம். தினமும் ட்ராமில் போய் ட்ராமில் வருவார். ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அன்று ஏழு மணிக்கு மேல்தான் வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "கரண்ட் போயிடுத்து, ட்ராம் ஒரு மணி நேரம் நடுத்தெருவில் நின்னுடுத்து" என்றார். நாங்கள் எங்கே போயிருந்தோம் என்று அவர் கேட்கவில்லை. அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள், வண்டி மூன்று நிமிஷம் நின்றதையும் சேர்த்து. அப்பா கையைக் காலைக் கழுவிக்கொண்டு, "கார்டு நல்ல மனுஷனா இருப்பான்" என்றார். "கொழந்த இளைச்சிருக்காளா?" என்று கேட்டார்.

அக்காவிடம் பேசிய பிறகுதான் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தின்மேல் சந்தேகம் வந்தது. அதற்குள் அப்பாவும் போய்விட்டார். நூல் நிலையத்தில் அந்த மாதத்துப் பத்திரிகைகளை, வருஷம் தெரியாததால் நாலு வருஷத்துக்கும், வெள்ளி, சனி, ஞாயிறு என்று பார்த்தேன். மின்சாரம் போய் ட்ராம் நின்றதாக எங்கும் செய்தி இல்லை. ஒரு மணி நேரத் தடங்கலைப் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று அங்கே இருந்தவர் சொன்னார். அது சரிதான். ட்ராம் ஓட்டம் நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கம்பெனியின் தினசரிப் பதிவேடுகள் எங்கே போயின என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. கார்டின் பெயரும் கிடைக்கவில்லை.

ஆகவே அன்று மாலை அப்பா நடுத்தெருவில் நின்ற ட்ராமில் உட்கார்ந்திருந்தாரா, அல்லது எழும்பூர் பிளாட்பாரத்தில் சம்பந்திகள் கண்ணில் படாமல் கார்டைத் தேடிக்கொண்டிருந்தாரா என்பதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.